மலையை மறைக்க மறந்தவர்கள்

புனே நகரப் பேருந்துகளின் எண்களை என்னால் வாசிக்க முடியவில்லை. எல்லாம் மராத்தி எழுத்தில் இருந்தன. கொழும்பில் தூரத்திலேயே நம்பரைப் பார்த்து ஓடிப்போய்த் தொற்றிக்கொள்கிற எனக்கு, இங்கே பஸ் பக்கத்தில் வந்து நின்ற பிறகும் யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. கேட்டவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். இரண்டாம் நாளே பஸ்ஸைக் கைவிட்டு லோக்கல் ரயிலுக்கு மாறினேன்.

வந்த காரியம் எளிது. கொழும்பில் நான் வேலை செய்யும் நிறுவனம் முச்சக்கர வண்டிகளை இறக்குமதி செய்தது. புதிதாக வந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டப் பழகி வரும்படி என்னை அனுப்பியிருந்தார்கள். எங்கள் நாட்டில் சண்டை நின்றிருந்த காலம் அது. அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போகலாம் என்ற தைரியம் முதல் தடவையாக வந்திருந்தது. பயிற்சி ஆகுர்டியில். தங்குவதற்கு சிஞ்ச்வட்டில் ஒரு ஹவுசிங் சொசைட்டியில், மூன்றாம் மாடியில், ஒரு தமிழ்க் குடும்பத்தோடு ஏற்பாடாகியிருந்தது.

வீட்டுக்காரர் சண்முகம் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். குடியாத்தம் பக்கத்துக்காரர். அவர் மனைவி செல்வியக்காவின் தமிழில் மராத்தியும் இந்தியும் கறிவேப்பிலை மாதிரி எல்லா இடத்திலும் கிடந்தன. என் யாழ்ப்பாணத் தமிழ் அவருக்கு அதைவிட விசித்திரமாக இருந்தது. நான் "ஓம்" என்று சொல்லும்போதெல்லாம் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

அந்த வீட்டின் இன்னொரு அறையில் தங்க வந்தவன்தான் எலியா. தான்சானியாவில் அருஷா என்ற ஊர்க்காரன். அங்கேயும் ஒரு வண்டிக் கம்பெனி அவனை இதே பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. என் வயதுதான், முப்பதைத் தொட்டவன். அவன் வாசலில் நின்று தன் பெயரைச் சொன்னதும் செல்வியக்கா துடைப்பத்தை எடுத்துவிட்டார்.

"எலியா? எங்க? எங்க போச்சு?"

நான் விளக்கிய பிறகு சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எலியாவுக்கும் அர்த்தத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து அவன் குளியலறைக் கதவைத் தட்டும்போதே "எலி வந்திருக்கிறேன்" என்று தமிழில் சொல்லப் பழகிக்கொண்டான்.

முதல் வாரம் சாப்பாட்டிலேயே போயிற்று. காலையில் அவல். இங்கே அதைக் கடுகு, வேர்க்கடலை போட்டுத் தாளித்து போஹே என்கிறார்கள். எங்கள் வீட்டில் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுத் தின்ற பண்டத்துக்கு இப்படியொரு வாழ்க்கை இருப்பது எனக்குத் தெரியாது. தேநீர்க் கடைகளில் டீயைக் கட்டைவிரல் உயரக் கிளாசில் தருகிறார்கள். எலியா முதல் கிளாசைக் குடித்துவிட்டு, "மாதிரி நன்றாக இருக்கிறது, இனி டீ வரட்டும்" என்றான்.

நாலாம் நாள் அவன் சோளமாவு வாங்கிவந்து, செல்வியக்காவிடம் சைகையால் அனுமதி கேட்டு, அடுப்பில் கொதிநீர் வைத்துக் கிண்டினான். அக்கா அருகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அய்ய, இது நம்ம களி! கேப்பைக்குப் பதிலா மக்கா போட்டுட்டாரு. ஏங்க, வந்து பாருங்க, இவங்க ஊர்லயும் களி துன்றாங்க!"

அன்று இரவு எல்லாரும் தரையில் உட்கார்ந்து களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டோம்.

பயிற்சி மையத்தில் என்னை எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "உங்கள் ஊரில் தினமும் குண்டு வெடிக்குமாமே?" நான் சிரித்துச் சமாளிப்பேன். லண்டனில் இருக்கும் என் சித்தப்பா ஒருமுறை தொலைக்காட்சியில் எங்கள் தெரு எரிவதைப் பார்த்துவிட்டு அழுதபடி போன் செய்தார். நாங்கள் அப்போது புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எரிந்தது எங்கள் தெரு இல்லை, ஆனால் யாரோ ஒருவருடைய தெருதான். அதைச் சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இங்கே கேட்டவர்களிடமும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் எலியாவும் புனேயைப் பார்க்கப் போனோம். சனிவார் வாடா என்ற பழைய கோட்டையின் மதில்மேல் நடந்தோம். பாவ் என்கிற பன்னின் நடுவில் வடையை வைத்துத் தருவதைத் தின்று தண்ணீருக்கு அலைந்தோம். திரும்பும்போது ரயிலில் சன்னலோரம் இடம் கிடைத்தது. அதுதான் வினை. காற்று முகத்தில் அடிக்க இரண்டு பேரும் தூங்கிவிட்டோம். சிஞ்ச்வட் போயிற்று. ஆகுர்டியும் போயிற்று. பக்கத்தில் இருந்த கொய்யாப்பழக்காரி என் தோளைத் தட்டி ஏதோ சொன்னபோது வண்டி லோனாவளாவில் நின்றிருந்தது. மலையும் மேகமுமாக ஓர் ஊர். "புனே எங்கே?" என்று நான் இந்தியில் கேட்டேன். அவள் நாங்கள் வந்த திசையைக் கையால் காட்டிவிட்டு, கொய்யாக்களைப் பிளந்து மிளகாய்த் தூள் தூவிக் கொடுத்தாள். அடுத்த வண்டி வரும்வரை அதைத் தின்றுகொண்டு மேகத்தைப் பார்த்தோம். என் பயணத்தில் வழி தவறிப் போய்ச் சேர்ந்த இடங்களில் அதுதான் அழகானது.

வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கட்டடத்தின் கீழே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எலியாவைக் கண்டதும் பந்தை விட்டுவிட்டு ஓடினார்கள். முந்தின நாள்வரை அவனோடு பந்து விளையாடிய பிள்ளைகள். இரண்டாம் மாடியில் ஒரு பெண் எங்களைக் கண்டு கதவைச் சாத்தினாள். செல்வியக்கா கதவைத் திறந்தார், ஆனால் சிரிக்கவில்லை. எலியாவின் தட்டை அவன் முன்னால் வைக்காமல் மேசை ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். எப்போதும் தரையில் கிடக்கும் அரிவாள்மணை பரணுக்கு ஏறியிருந்தது.

"என்னக்கா நடந்தது?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல தம்பி."

"அக்கா, சொல்லுங்கோ."

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மத்தியானம் கேபிள்ல ஒரு படம் போட்டான். ஆஃப்ரிக்கா பத்தி. சினிமா இல்ல, நெஜமா எடுத்ததாம். பில்டிங்கே பார்த்துகினு இருந்துச்சு. வெள்ளைக்காரன் போனதும் அவங்களுக்குள்ளயே வெட்டிக்கிட்டாங்களாம். அய்யோ, பொணம் பொணமா... ஒரு ஆளு கையில கத்தியோட நம்மளப் பார்த்து ஓடி வரான் தம்பி. எனக்கு சோறே எறங்கல. இவரு நல்லவருதான், எனக்குத் தெரியுது. ஆனா கிட்ட போக பயமா இருக்குதே, நான் இன்னா பண்ண?"

சற்று நேரத்தில் சொசைட்டியின் செயலாளர் வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். எல்லாரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மராத்தியில் அது சித்தப்பா. எங்கள் நாட்டில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படிக் கூப்பிடுவோம். சண்முகத்தின் ஊரில் அது மரத்தில் உட்காரும். காக்கா சண்முகத்தை வாசலுக்கு வெளியே கூப்பிட்டுப் பேசினார். சண்முகம் திரும்பி வந்து என்னிடம் மட்டும் சொன்னார்.

"வேற எடம் பார்க்கச் சொல்லுன்றாரு. கொழந்தைங்க பயப்படுதாம். நாளான்னிக்கு மீட்டிங் வைக்கிறாங்களாம். இந்தப் பில்டிங்ல நாங்க ஒரே தமிழ்க் குடும்பம் தம்பி. ஏக்தம், ஒரேடியா வேணாம்னு சொல்லவும் முடியல, சரின்னு சொல்லவும் முடியல."

எலியாவிடம் யார் சொல்வது? என் தலையில்தான் விழுந்தது. பால்கனியில் துணி காயப்போடும் கொடியின் கீழே நின்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அப்படியான படங்களைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தான். வெளிநாட்டுக்காரர்கள் வந்து, மிருக வேட்டையையும் மனித வேட்டையையும் ஒன்றாக ஒட்டி, இதுதான் ஆப்பிரிக்கா என்று விற்றுவிட்டுப் போனார்கள் என்றான். பிறகு திடீரென்று கேட்டான்.

"கத்தியோடு ஓடி வருகிறவன் என்ன சட்டை போட்டிருக்கிறான் என்று அக்காவிடம் கேட்பாயா?"

செல்வியக்கா யோசித்துச் சொன்னார். "கோடு போட்ட சட்டை. பாக்கெட் கிழிஞ்சு தொங்குது."

அதை மொழிபெயர்த்ததும் எலியா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அது என் தகப்பனாக இருக்கலாம்" என்றான்.

அவன் சொன்ன கதை இது. அவன் பிறந்த வருஷம், சில வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுக்க அருஷாவுக்கு வந்து கூலியாட்களைத் தேடினார்கள். அவன் தகப்பன் அவர்களுடைய லாரியில் ஏறிப்போய்ச் சில வாரம் வீட்டுக்கு வரவில்லை. திரும்பியபோது ஒரு மூட்டை சீனி கொண்டுவந்தார். சாமான் தூக்கினேன் என்றார், வேறெதுவும் சொல்லவில்லை. எலியாவுக்கு ஏழு வயதாகும்போது காய்ச்சலில் செத்துப்போனார். பல வருஷங்களுக்குப் பிறகு, ஐரோப்பாவில் படித்துவிட்டு வந்த ஓர் ஊர்க்காரர், அங்கே ஒரு படம் பார்த்ததாகத் தேவாலய வாசலில் வைத்துச் சொன்னார். கொங்கோவில் நடந்த கொலைகளைக் காட்டும் படமாம். அதில் இவன் தகப்பன் கோடு போட்ட கிழிந்த சட்டையோடு, கத்தியோடு, பிணங்களுக்கு நடுவே ஓடுகிறாராம்.

"ஊர் நம்பிவிட்டது" என்றான் எலியா. "அவர் காணாமல் போன வாரங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டதல்லவா? அந்த வெள்ளைக்காரர்களோடு எல்லை தாண்டிப் போய், சீனிக்காக ஆள் வெட்டியவர் என்றார்கள். என் மாமா வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். அம்மா மட்டும், கோழி அறுக்கக்கூடப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுகிற மனுஷன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் அம்மாவை நம்புகிறேன். ஆனால் அந்தப் படத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை."

அவனிடம் தகப்பனின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. தகப்பன் அசைவது, நடப்பது எல்லாம் அந்தக் கேவலமான படத்தில் மட்டும்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை வகுப்பில் அவன் கார்புரேட்டரைத் தலைகீழாகப் பூட்டினான். பயிற்றுநர் ஏதோ கேலி சொன்னார், அவன் காதில் விழவில்லை. மாலை நாங்கள் கேபிள்காரனிடம் போவது என்று முடிவாயிற்று. மராத்தி பேச சண்முகம் வருவதாகச் சொன்னார். கிளம்பும்போது செல்வியக்காவும் புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"நீ எதுக்கு? நேத்தே சோறு எறங்கலன்ன?"

"நானும் வரேன். அந்தப் புள்ள தனியா பார்க்க வேணாம்."

கேபிள்காரனின் அறை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகத் தொலைக்காட்சிப் பெட்டிகள், கூரைவரை விசிடிக்கள், தரையெல்லாம் வயர். அவன் இளைஞன், உற்சாகமானவன். சண்முகம் மொழிபெயர்த்தார்: "ஏக்தம் ஹிட்டாம். இன்னொரு வாட்டி போடச் சொல்லி போன் வந்துகினே இருக்காம்." எலியாவை நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அவன் பேச்சு நின்றது. எதுவும் கேட்காமல் டிஸ்க்கை எடுத்துப் போட்டான்.

படத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. ஆழ்ந்த குரலில் ஒருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போகிறார், எல்லாம் தெரிந்தவர் மாதிரி. யானையைச் சுடுகிறார்கள். குடிசை எரிகிறது. எரிந்த குடிசைக்கு முன்னால் கிடக்கும் உடல்கள்மேல் கமரா ஊர்ந்து போகிறது. இது கொங்கோ, விடுதலை கிடைத்த நாட்டின் முதல் அறுவடை, என்கிறது குரல். அதன் பிறகு பறையொலி, ஓட்டம், கூச்சல். புகைக்குள்ளிருந்து ஒருவன் கத்தியை ஓங்கிக்கொண்டு நேராக எங்களை நோக்கி வந்தான். கோடு போட்ட சட்டை. தொங்கும் பாக்கெட்.

எலியா ஒரு சத்தம் போட்டான். வார்த்தை இல்லை, சத்தம் மட்டும். பிறகு கையால் முகத்தை மூடிக்கொண்டான். கேட்க வேண்டிய அவசியம் இல்லை. நெற்றியும் தாடையும் அப்படியே அவன்தான். சண்முகம் தொண்டையைக் கனைத்தார். நான் எலியாவின் தோளில் கை வைத்தேன்.

"அரே, ஒரு நிமிஷம் இருங்க" என்றார் செல்வியக்கா. "இந்த ஆளு முன்னாடியே செத்துட்டாரே!"

"என்னடி சொல்ற?"

"ஆமாங்க. குடிசைக்கு முன்னாடி கெடந்தாங்களே, அதுல ஓரத்துல ஒருத்தர். இதே சட்டை. இதே பாக்கெட். செத்தவரு எப்டிங்க எழுந்து வந்து வெட்டுவாரு? பின்னால போடச் சொல்லுங்க."

கேபிள்காரன் பின்னால் ஓட்டினான். உடல்கள் வந்தன. நிறுத்தச் சொன்னோம். படம் கட்டம் கட்டமாக உடைந்து நடுங்கியது. கடைசியில் ஒரு மனிதன் மல்லாந்து கிடந்தான், முகம் பாதி திரும்பியிருந்தது. கோடு போட்ட சட்டை, தொங்கும் பாக்கெட். எலியா எழுந்து போய்த் தொலைக்காட்சியின் முன்னால் முழங்காலிட்டான். திரையில் தெரிந்த தகப்பனின் காதை விரலால் தொட்டான்.

"மெதுவாக ஓட்டச் சொல்" என்றான் என்னிடம்.

மெதுவாக ஓட்டினார்கள். செத்துக் கிடந்தவரின் வயிறு ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது. ஓர் ஈ அவர் மூக்கில் உட்கார்ந்தது. அவர் பொறுத்துப் பார்த்தார். கமரா தாண்டிப் போய்விட்டது என்று நினைத்திருப்பார்போல, மெல்ல ஒரு கையைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டார்.

முதலில் சிரித்தது கேபிள்காரன்தான். பிறகு சண்முகம். எலியா சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை, முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. "இன்னொரு தடவை" என்றான். இன்னொரு தடவை போட்டார்கள். அப்போதுதான் அவன் தகப்பனை விட்டுப் பின்னணியைப் பார்த்தான். புகைக்கு மேலே, நீலமாக, ஒரு மலை.

"கொங்கோவா? இது எங்கள் மலை! எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் இதுதான் தெரியும். அவர் எங்கும் போகவில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே கிடந்து நடித்திருக்கிறார்!"

"மலை பேரு இன்னாவாம்?" என்று கேட்டார் செல்வியக்கா.

"மேரு" என்றான் எலியா.

"மேருவா? நம்ம சாமி கதையில வர்ற மேருவா?" அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அதை மொழிபெயர்த்தபோது எலியாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தெய்வங்கள் குடியிருக்கும் மலை என்று அம்மாவிடம் சொல்லப்போவதாகச் சொன்னான்.

படத்தில் மற்ற உடல்களும் இருந்தன. அவையெல்லாம் மூச்சு விட்டனவா என்று நாங்கள் தேடவில்லை. சிலது உண்மையாக இருக்கலாம் என்று எலியாவே படியிறங்கும்போது சொன்னான். "ஆப்பிரிக்காவில் கொலையே நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நடந்திருக்கிறது. ஆனால் உண்மையாகச் செத்தவனையும் என் தகப்பனையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டார்களே. இனி அந்தச் செத்தவனையும் யாரும் நம்ப மாட்டார்கள்."

எனக்குச் சித்தப்பா தொலைக்காட்சியில் பார்த்த தெரு ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் செல்வியக்கா முதலில் பரணிலிருந்து அரிவாள்மணையை இறக்கினார். எலியா பார்த்துக்கொண்டிருந்தான். எதற்காக அது மேலே போனது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரிந்தது அக்காவுக்கும் தெரிந்தது. "மன்னிச்சுக்கோ தம்பி" என்று தமிழிலேயே சொன்னார். அவன் வெங்காயக் கூடையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு உரிக்கத் தொடங்கினான்.

பிறகு அக்கா காக்காவின் வீட்டுக்கு இறங்கிப் போனார். அங்கே மராத்தியில் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. மூக்கைச் சொறிவதைச் செய்து காட்டினார் என்று மட்டும் சண்முகம் பிறகு சொன்னார். காக்கா அதற்குச் சிரிக்கவில்லையாம். கேபிள்காரனிடம் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். மீட்டிங் நடக்கவில்லை. அதைப் பற்றி யாரும் எங்களிடம் வாய் திறக்கவுமில்லை. இரண்டாம் மாடிப் பெண் நாங்கள் ஊர் திரும்பும்வரை கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தாள். பிள்ளைகள் மட்டும் புதன்கிழமையே பந்தோடு வந்துவிட்டார்கள், செத்தவர் மூக்கைச் சொறிவது எப்படி என்று எலியாவுக்கு நடித்துக் காட்ட. அது அவன் தகப்பன் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் ரசித்துப் பார்த்தான். ஒருவனை மட்டும், வயிறு அசையவில்லை என்று மறுபடி படுக்க வைத்தான்.

படம் பார்த்த திங்கள் இரவே, சாப்பிட்ட கையோடு, நானும் அவனும் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் உள்ள டெலிபோன் பூத்துக்குப் போனோம். அருஷாவில் பக்கத்து வீட்டுக்குத்தான் இணைப்பு. அம்மாவைக் கூப்பிட்டு வர நேரமாயிற்று. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். எலியா நின்றுகொண்டே பேசினான், ஒரு கையால் மலையின் உயரத்தைக் காற்றில் காட்டினான். எனக்குப் புரிந்தது "பாபா" என்ற ஒரு சொல்தான், அவர்கள் மொழியில் அது அப்பா. பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். மறுமுனையிலிருந்து வந்த குரல் கண்ணாடியைத் தாண்டி எனக்கே கேட்டது. கடுங்கோபம்.

வெளியே வந்தபோது அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"அம்மா ஏன் கத்துகிறா?" என்று கேட்டேன். "நம்பவில்லையா?"

"நம்பிவிட்டாள். அதனால்தான். 'மலைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தாரென்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருக்கலாமே, இத்தனை வாரமும் நான் கைக்குழந்தையோடு அழுதேனே' என்று அப்பாவை ஏசுகிறாள். செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்றைக்குத்தான் நன்றாக ஏசுகிறாள்."

சற்று தூரம் நடந்தோம். தேநீர்க் கடைக்காரன் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தான். எலியா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான்.

"கடைசியில் ஒன்று கேட்டாள். அப்பா மெலிந்திருந்தாரா என்று."

"நீ என்ன சொன்னாய்?"

"இல்லை அம்மா, செத்துக் கிடக்கும்போது வயிறு நன்றாக ஏறி இறங்கிற்று என்றேன்."